கொம்பன் சுறா ஈரல் எண்ணெய்

1944ஆம் வருடம். யுத்தம் இன்னும் ஓயவில்லை. தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகிற கடற்கரைப் பாதையில், ஊர் எல்லையைத் தாண்டியதும், சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. நான் அங்கே கெமிஸ்ட். கெமிஸ்ட் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுக்கூரை அறை ஒன்று, மேசை ஒன்று, கொஞ்சம் கண்ணாடிக் குழாய்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, அப்புறம் நான். வயது இருபத்து மூன்று. நாசரேத்தில் பள்ளிப்படிப்பு, பாளையங்கோட்டையில் கல்லூரி, இரசாயனத்தில் பட்டம் வாங்கிய கையோடு இந்த வேலை. எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு அந்த வயதில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

குழந்தைகளுக்காகச் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மீனெண்ணெய் யுத்தத்தால் நின்றுபோயிருந்தது. அது எடுக்கிற காட் மீன் நம் கடலில் கிடையாது. சுறா உண்டு. சுறாவின் வயிற்றைக் கீறினால் முதலில் கண்ணில் படுவது ஈரல்தான், அத்தனை பெரியது. ஈரல் முழுக்க எண்ணெய். அதுவரை வள்ளத்துப் பலகைக்குப் பூசிக்கொண்டிருந்த அந்த எண்ணெய்க்கு ஒரே வருடத்தில் மவுசு வந்துவிட்டது. நாங்கள் எடுத்தது முழுவதும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. ஒரு சொட்டுகூட வெளியாள் கைக்குப் போகக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. நான் சாப்பிட்ட மெஸ்ஸில் எனக்கென்று கடைசிப் பலகை ஒன்றை ஒதுக்கிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆள் எழுந்துபோய் நின்றுகொள்வார். தாராளமாக உட்கார இடம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

என் வேலை எண்ணெயைச் சோதிப்பது. எண்ணெய் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணெய், நெய், மிருகக் கொழுப்பு, மெழுகு எல்லாம் ஒரே கூட்டம்தான். எதுவும் தண்ணீரோடு சேராது. ஆனால் காரத்தைப் போட்டுக் காய்ச்சினால் எண்ணெயில் பெரும்பகுதி சவுக்காரமாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் என்ன காய்ச்சினாலும் மாறாது, பிடிவாதமாக ஒதுங்கி நிற்கும். அதை ஈதரை விட்டுப் பிரித்தெடுப்பேன். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ ஒளிந்திருப்பது அந்த மாறாத பங்கில்தான். பிரித்ததைக் குளோரோபாரத்தில் கரைத்து, ஆண்டிமனி உப்புக் கரைசலை ஊற்றினால் சட்டென்று ஒரு நீலம் எழும்பும். சத்து எவ்வளவோ அவ்வளவு நீலம். சில விநாடிதான் நிற்கும், பிறகு மங்கிவிடும். அதற்குள் நிறக் கண்ணாடியோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒவ்வொரு சுறாவுக்கும் நீலம் வேறு. பால் சுறா எண்ணெயில் வெளுத்த நீலம்தான் வரும். கொம்பன் சுறா என்று ஒன்று, தலை இரண்டு பக்கமும் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் எண்ணெயில் எழும்பிய நீலம் என் கண்ணாடிகளுக்குள் அடங்கவே இல்லை. ஒரு பங்கை இருபது பங்காக நீர்க்கச் செய்த பிறகுதான் அளவுக்குள் வந்தது. அதனால் கொம்பன் எண்ணெயை நாங்கள் அப்படியே அனுப்புவதில்லை. கடலை எண்ணெயோடு கலந்து, அதே இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்துதான் பாட்டிலில் அடைப்போம். தினம் ஒரு கரண்டி என்று பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டு அந்தக் கலந்த எண்ணெய்க்குத்தான்.

ஈரல் வேகும் அண்டாக்களுக்கு நீராவி விடுகிற பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் தருவைகுளத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். வேலைக்காகக் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குப் பின்னாலேயே குடிசை போட்டிருந்தார். என் அறையிலிருந்து நாலு நிமிஷ நடை. ஒரே மகள், ஆறு வயது. சாயங்காலம் தகப்பனாருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், நட்ட நடுவே நின்ற பீப்பாயில் போய் மோதி விழுந்தாள். அண்ணாச்சி கத்தினார்.

"ஏளா, கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? பாத்து நடக்க மாட்டியோ?" என்றவர், என் பக்கம் திரும்பி, "பகல்ல நல்லாத்தான் தம்பி இருக்கா. பொழுது அடைஞ்சா எங்கயாவது போயி முட்டுதா. கவனமே கெடையாது" என்றார்.

என் சட்டைப் பையில் பெப்பர்மிண்ட் இருந்தது. ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "இந்தா, எடுத்துக்கோ" என்றேன். அவள் என் குரல் வந்த திசையைப் பார்த்தாள். கையை நீட்டிக் காற்றில் தடவினாள். மாலைக்கண். பர்மா அரிசி நின்று, ஊரே கேப்பைக் கூழில் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்த வருடம் அது. பாலையும் நெய்யையும் அந்தக் குழந்தை கண்டிருக்காது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் அனுப்பிய எண்ணெயையே அங்கே கொடுத்திருப்பார்கள். ஆனால் அதில் எனக்கு என்ன பெருமை? நானே குணப்படுத்த வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சோதனைக்கு எடுத்தது போக மிஞ்சிய எண்ணெயைத் திரும்பப் பீப்பாயில் ஊற்றிவிட வேண்டும் என்பது விதி. நான் ஊற்றவில்லை. ஒரு பாட்டிலில் நிரப்பி, காகிதத்தில் சுற்றி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், இருப்பதிலேயே உசத்தியானதாகக் கொடுப்போம் என்று கொம்பன் எண்ணெயாகவே பார்த்துக் கொடுத்தேன். கடைக்காரர் வேண்டியவர்களுக்கு மட்டும் உள்ளே வைத்திருக்கும் நயம் சரக்கை எடுத்துத் தருவார் அல்லவா, அந்த மாதிரி. தினம் காலையில் ஒரு கரண்டி, கருப்பட்டித் துண்டோடு என்று சொன்னேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் அந்தப் பெண் பீப்பாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடிவந்தாள். மறுநாள் மத்தியானம் அவள் அம்மா நண்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"எம் மவளுக்குக் கண்ணக் குடுத்திட்டிய தம்பி. நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி அழுதாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு முன்னால் நின்று யாரும் அப்படி அழுததில்லை. அந்த உற்சாகத்தில்தான் வாயை விட்டேன்.

"கூடக் கொஞ்சம் குடுத்தாலும் தப்பில்ல மதினி. உள்ள போறதெல்லாம் தெம்புதான். மிச்சம் தன்னால வெளிய போயிரும்."

கல்லூரியில் கேட்டதுதான். உடம்பு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கிற சத்துக்கும் தவிட்டில் இருக்கிற சத்துக்கும் அது சரி. அவை தண்ணீரில் கரைபவை. எண்ணெயில் கரைகிற ஒன்றுக்கும் அதே சட்டம்தானா என்று நான் நின்று யோசிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பாட்டில் காலியாகக் காலியாக நான் நிரப்பிக் கொடுத்தேன். பெற்றவள் அல்லவா, ஒரு கரண்டி இரண்டு கரண்டியானது. பெண் முதலில் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டு மாதம் போன பிறகு அண்ணாச்சி வேலைக்கு வரும்போது முகம் சுருங்கி வர ஆரம்பித்தார். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், தலை வலிக்கிறது என்கிறாள் என்றார். அப்புறம் வாந்தி. அப்புறம் நடக்க மாட்டேன் என்கிறாள். சோறு கொண்டுவரும் வேலையை அவள் அம்மாவே செய்தாள்.

போய்ப் பார்த்தேன். உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. உள்ளங்கையில் தோல் ஏடு ஏடாக உரிந்திருந்தது. தலை வாரினால் முடி சீப்போடு வந்துவிடுகிறது என்று அம்மா சீப்பைக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே தொட்டதும் பிள்ளை வீலென்று கத்தினாள். ஊருக்குள் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், எலும்பில் சயரோகம் பிடித்திருந்தாலும் இருக்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிச் சத்தாக ஏதாவது கொடுக்கச் சொன்னாராம்.

"எம் புள்ள தேறுவாளா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்டார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. பாய்லர்ச் சூட்டில் வெந்துபோன முகத்தில் தண்ணீர் இறங்கியது.

நான் தைரியம் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். "எண்ணெய மட்டும் நிறுத்திராதிய. இப்பத்தான் அது ரொம்பத் தேவை."

அன்றையிலிருந்து அவள் அம்மா மூன்று வேளையும் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வெயில் தாழும் நேரம். ஈரல் கொண்டுவரும் வள்ளக்காரர் டின்களை இறக்கிக்கொண்டிருந்தார். கொம்பன் ஈரல் துண்டு ஒன்று வழுக்கி மணலில் விழுந்தது. அங்கே சுற்றிக்கொண்டிருந்த நாய் ஒன்று பாய்ந்து வந்தது. வள்ளக்காரர் பதறிப்போய்க் கல்லெடுத்து அதை விரட்டினார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"ஒரு துண்டத் தின்னுட்டுப் போகட்டுமே. ஒங்க டின்னுல கொறஞ்சிரவா போவுது?"

"நல்லா சொன்னிய! கொம்பன் ஈரலத் தின்னா நாய் உருப்படுமா? ரோமம் பூரா கொட்டி, தோலு உரிஞ்சு, காலு வெளங்காமக் கெடக்கும். எங்காளுவ சுறாவுல எல்லாம் திம்பாவ, இத மட்டும் வாயில வைக்க மாட்டாவ."

"ஆஸ்பத்திரில இதத்தான குடுக்காங்க?"

"நீங்கதான் கடல எண்ணெய ஊத்திக் கலந்து விட்டுருதியளே. அது வேற" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டின்னைத் தூக்கப் போனார்.

நான் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். ரோமம், தோல், கால். மூன்றையும் அந்தக் குடிசையில் பார்த்திருந்தேன்.

உட்கார்ந்து யோசித்தபோது விஷயம் வெட்டவெளிச்சமாக இருந்தது. சுறா தன் ஆயுள் முழுக்க மீன்களைத் தின்கிறது. அந்த மீன்களில் இருக்கிற துளித் துளி வைட்டமின் அதன் ஈரலில் போய்ச் சேருகிறது. எண்ணெயில் கரைந்தது தண்ணீரோடு வெளியேற வழியில்லை, அதனால் அங்கேயே தங்குகிறது. அப்படித் தங்கியதால்தான் ஈரலில் நீலம், அதனால்தான் தொழிற்சாலை, அதனால்தான் எனக்கு உத்தியோகம். வெளியே போகாது என்பதற்கு அத்தாட்சியை நான் தினம் தினம் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுறாவின் ஈரலில் தங்குவது ஆறு வயதுப் பெண்ணின் ஈரலில் தங்காமல் எங்கே போகும்? கணக்கும் சுலபமாக இருந்தது. கொம்பன் எண்ணெயில் ஒரு கரண்டி, எங்கள் பாட்டில் எண்ணெயில் இருபது கரண்டி. மூன்று வேளை என்றால், ஒவ்வொரு நாளும் அறுபது நாள் மருந்து.

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். நாலு நிமிஷ நடைதான். நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு அன்று எனக்கு நிறையக் காரணங்கள் இருந்தன. நாய்க்கு வந்தது மனிதருக்கும் வரும் என்று என்ன நிச்சயம்? மீன்காரர் பேச்சை நம்பி டாக்டருக்கு மேலே போய்ப் பேசுவதா? இதெல்லாம் எனக்கே நான் சொல்லிக்கொண்டது. அடியில் கிடந்தது பயம். யுத்த காலத்தில் சர்க்கார் சரக்கு வெளியே போனது தெரிந்தால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நண்டுக் குழம்போடு வந்து அழுத அந்த அம்மாவிடம் போய், உன் பிள்ளையைப் படுக்கையில் போட்டது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ரயிலேறிப் பாளையங்கோட்டைக்குப் போனேன். படித்த கல்லூரியில் இருந்த புத்தகங்களைப் புரட்டினேன். ஆதாரம் தேடுகிறேன் என்று பெயர். வைட்டமின் குறைந்தால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. கூடினால் என்ன ஆகும் என்று நான் புரட்டிய புத்தகங்களில் ஒரு வரி இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆறுதலாகத்தான் இருந்தது. திரும்பி வந்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், தூங்கவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் மறுபடி அந்தக் குடிசை ஞாபகம்தான். அப்போதும் நேரே போகவில்லை. முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கடையில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரையும், பின்னால் வந்த ஒருவரையும் முதலில் உட்காரச் சொன்னேன். எல்லாம் முடிந்து, இனிமேல் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, மத்தியானம் அந்தக் குடிசைக்குப் போனேன்.

கோயில் பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சேலையோடு அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணை மடியில் கிடத்தி, ஒரு கையால் மூக்கைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கரண்டி. பெண் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"ஏளா, வாயத் தொற. தொறக்கியா, ஒரு அடி போடட்டுமா?" என்றவள் என்னைப் பார்த்துவிட்டாள். "வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்திய. ஒரு மாசமா இதே பாடுதான். நீங்க சொன்னா கேப்பா. ஒரு வாய் குடிச்சிரச் சொல்லுங்க."

நான் கரண்டியைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் எண்ணெய் பாயில் சிந்தியது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே படுத்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி எண்ணெய் வேறு, நான் கொடுத்தது வேறு. அது உடம்பைவிட்டுப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். தோல் உரிவதும் கால் வலியும் தலைவலியும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நிறுத்தினால் தேறிவிடுவாள் என்றும் நினைக்கிறேன்.

திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பெண்ணின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் வேண்டாம்னு கெடந்து கத்துனாளே," என்றாள். "அடிச்சு அடிச்சுல்லா ஊத்துனேன். இந்தக் கையாலல்லா ஊத்துனேன்."

"மதினி, நீங்க என்ன பண்ணுவிய? நான் சொல்லித்தான" என்றேன். அவள் காதில் ஏறவில்லை. அந்தக் கையைத் தரையில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். பெண் பயந்துபோய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணாச்சி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பம் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

"இப்பத்தான் அண்ணாச்சி," என்றேன். "காலையில யோசிச்சுக்கிட்டு இருந்தேன், பொறி தட்டுச்சு. ஓடி வாரேன்."

முடிவெட்டிய தலையோடு நின்று அதைச் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்ப ஒத்துக்கிட ஒரு மனசு வேணும் தம்பி. மூடி மறைச்சிருந்தா நாங்க என்னத்தக் கண்டோம்? நாங்க பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருந்து புள்ளயக் குழியில வச்சிருப்போம்."

திங்கள்கிழமை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் நான் சொன்னதை நம்பினதாகத் தெரியவில்லை. நிறுத்திப் பார்ப்பதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, பார்க்கலாம் என்றார். ஒரு வாரத்தில் வாந்தி நின்றது. தலைவலி குறைந்தது. மூன்றாவது வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கால் சரியாகி ஓட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. புது முடி முளைத்தபோது பூனைக்குட்டி ரோமம் மாதிரி இருந்தது. அந்த நாட்களில் நான் சாப்பிட்டதெல்லாம் மண்ணாகத்தான் இருந்தது.

பாட்டில் விஷயத்தை அண்ணாச்சி தொழிற்சாலையில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கேட்டால் என்னைக் காப்பாற்றுவதற்காக என்றார். யுத்தம் முடிந்து, சீமை எண்ணெய் மறுபடி வர ஆரம்பித்ததும் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியாரானேன். எண்ணெயில் கரையும் வைட்டமின் அளவுக்கு மிஞ்சினால் தோல் உரியும், முடி கொட்டும், எலும்பு வலிக்கும் என்று பின்னாளில் புத்தகங்களிலேயே வந்துவிட்டது. படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தும்போது, தண்ணீரில் கரைவது ஒரு வகை, கொழுப்பில் கரைவது இன்னொரு வகை என்று கரும்பலகையில் நடுவே கோடு போட்டு இரண்டு முறை சொல்லுவேன். இவர் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபோது என்னை வீட்டுக்கு வந்து அழைத்தார்கள். பந்தலில் அண்ணாச்சி என்னை மாப்பிள்ளை வீட்டாரிடம் கூட்டிப்போய், "எம் மவ உயிரோட இருக்கான்னா இவரு ஒரு ஆளாலதான். தப்புன்னு தெரிஞ்ச அந்த நிமிசமே ஓடிவந்து சொன்ன மனுசன். இந்தக் காலத்துல யாரு சொல்லுதா?" என்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கல்யாண வீட்டில் எதற்கு என்று இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அண்ணாச்சி இப்போது இல்லை, மதினியும் இல்லை. அந்தப் பெண் பேரன் பேத்திகளோடு நன்றாக இருக்கிறாள். இதை அவள் படிக்கவும் கூடும். வெள்ளி மாலை ஒன்று, சனிக்கிழமை மூன்று, ஞாயிறு காலை ஒன்று. தெரியாமல் கொடுத்த அத்தனை கரண்டிக்கும் நான் எப்போதோ என்னை மன்னித்துவிட்டேன். எல்லாம் தெரிந்த பிறகு, அம்மா மூக்கைப் பிடிக்க, அந்தக் குழந்தை விழுங்கிய ஐந்து கரண்டிக்கு இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.